டர்போ போச்சு என்றால் காரணம் கேளுங்கள்!

தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டு வாங்குகிறோம். கடை உரிமத்தைக் காலத்தில் புதுப்பிக்கிறோம். எலி கடித்த மூட்டையை அன்றே தைத்து விடுகிறோம். ஆனால் அந்த மூட்டைகளை மண்டியிலிருந்து கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியின் விஷயத்தில், நம்மில் பலர் பட்டறையில் சொல்வதை அப்படியே கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். "டர்போ போச்சு முதலாளி" என்று டிரைவர் போனில் சொன்னால், அந்த மாத லாபத்தில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம்.

செலவு டர்போவோடு நிற்பதில்லை. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும். சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் சில்லறைக் கடைக்காரர் அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். பண்டிகை நேரமாக இருந்தால் இந்த நஷ்டம் டர்போவின் விலையையே மிஞ்சும்.

சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் டர்போ எப்படி வேலை செய்கிறது, எதனால் தேய்கிறது, தேய்ந்த பாகத்தை மாற்றும்போது என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால், ஒரே செலவை இரண்டு முறை செய்யாமல் தப்பலாம். சரியான ஆயிலும் சுத்தமான காற்றும் கிடைக்கும் டர்போ பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அதைக் கெடுத்த காரணம் வேறெங்கோ இருக்கும். அந்தக் காரணத்தைக் களையாமல் பாகத்தை மட்டும் மாற்றினால், ஓட்டைச் சாக்கில் புது அரிசியைக் கொட்டிய கதைதான்.

டர்போ செய்யும் வேலை

விறகடுப்பில் விறகை மட்டும் திணித்துக்கொண்டே போனால் புகைதான் வரும். ஊதுகுழலால் ஊதினால் அதே விறகு கொழுந்துவிட்டு எரியும். என்ஜினும் அப்படித்தான். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியச் சுமார் 12 கிலோ காற்று வேண்டும். அளவில் பார்த்தால் அது ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று. டீசலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதுதான் கடினம். டர்போ இல்லாத என்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்கும் காற்றோடு திருப்தி அடைய வேண்டியதுதான். டர்போ உள்ள என்ஜினுக்குள் காற்று அழுத்தித் திணிக்கப்படுகிறது. அதனால் சிறிய என்ஜினிலிருந்தே பெரிய இழுவை கிடைக்கிறது.

இந்த ஊதலுக்குத் தனியாக எரிபொருள் எதுவும் செலவாவதில்லை. டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வெளியே போகிறது. அந்தப் புகை போகும் வழியில் ஒரு சிறிய சக்கரத்தை வைத்து, அதைச் சுழல வைக்கிறார்கள். அதே ஷாப்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி என்ஜினுக்கு அனுப்புகிறது. காலிச் சாக்கையும் எண்ணெய் டின்னையும் விற்றுக் காசாக்கும் நமக்கு இந்தத் தத்துவம் புதியதல்ல.

அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே வண்டியின் முன்பக்கம் ரேடியேட்டர் போல இருக்கும் இன்டர்கூலரில் அதைக் குளிர வைத்து என்ஜினுக்குள் விடுகிறார்கள்.

மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் லோடு ஏற்றிக்கொண்டு 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊட்டிக்குப் போனால், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அங்கே மூச்சு வாங்கும். டர்போ உள்ள வண்டி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூஷி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920-களில் கப்பல் என்ஜின்களில் வெற்றி கண்டு, பிறகு லாரிகளுக்கு வந்தது. நம் நாட்டில் சிறிய சரக்கு வண்டிகளில் இது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் புகைக் கட்டுப்பாட்டு விதிகள். இந்த விதிகள் படிப்படியாக இறுகி, 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4-ம், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6-ம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. 2005-இல் வந்த டாடா ஏஸ் டீசல் வண்டியில் டர்போ இல்லை. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தில் டர்போவும் இன்டர்கூலரும் உண்டு. உங்கள் வண்டியில் டர்போ இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஷாப்ட். அதன் ஒரு முனையில் கொதிக்கும் புகையில் சுழலும் டர்பைன் சக்கரம். முழு லோடில் அந்தப் பக்கம் வெப்பம் 700 டிகிரி செல்சியஸை எட்டும் என்பதால், நிக்கல் கலந்த உலோகத்தில் அதைச் செய்கிறார்கள். மறு முனையில் காற்றை அழுத்தும் அலுமினியச் சக்கரம். நடுவில் ஷாப்டைத் தாங்கும் புஷ் பேரிங்குகள், முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங், ஆயில் வெளியேறாமல் தடுக்கும் வளையங்கள். இந்த நடுப்பகுதியையும் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத்தான் பட்டறையில் 'கோர்' என்கிறார்கள்.

என்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று சுற்றும்போது, சிறிய டர்போவின் ஷாப்ட் ஒரு லட்சத்துக்கும் மேல், சில சமயம் இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் என்றால் வினாடிக்கு 2,500 சுற்று! இந்த வேகத்தில் உலோகமும் உலோகமும் உரசினால் நொடியில் தீய்ந்துவிடும். அப்படி உரசாமல் காப்பது மிக மெல்லிய ஆயில் படலம் ஒன்றே. ஷாப்ட் அந்தப் படலத்தின்மேல் மிதந்துகொண்டுதான் சுழல்கிறது.

அந்த ஆயில் என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தோடு மேலே வருகிறது. வேலை முடிந்ததும் சற்றுப் பெரிய குழாய் வழியாகத் தானாகக் கீழே வடிந்து, ஆயில் பாத்திரத்துக்குத் திரும்புகிறது. இந்த இரண்டு குழாய்களையும் நினைவில் வையுங்கள். தகராறு பல இங்கேதான் தொடங்குகிறது.

எதனால் தேய்கிறது?

முதல் காரணம் ஆயில் கிடைக்காமை. ஆயில் அளவு குறைந்தாலும், ஏற்றுக் குழாயில் கரி அடைத்தாலும் டர்போதான் முதலில் பாதிக்கப்படும். கழற்றிய ஷாப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பற்றாக்குறை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இரண்டாவது ஆயிலில் அழுக்கு. மாற்ற வேண்டிய தவணையைத் தள்ளிப் போட்டாலும், மட்டமான ஆயில் பில்டர் போட்டாலும், கரித் துகளும் உலோகத் துகளும் ஆயிலோடு சேர்ந்து போய்ப் பேரிங்கை அரம் போல அராவும். ஷாப்டில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும்.

மூன்றாவது வெளிப்பொருள் உள்ளே போவது. ஏர் பில்டர் கிழிந்திருந்தால் மண்ணும் தூசியும் அலுமினியச் சக்கரத்தின் இறக்கைகளைத் தின்றுவிடும். என்ஜினுக்குள் வால்வு உடைந்து சில் பறந்தால் மறுபக்கத்து டர்பைன் சக்கரம் அடிபடும். எந்தப் பக்கத்துச் சக்கரம் அடிபட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே, குற்றம் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நான்காவது அளவுக்கு மீறிய சூடு. தாங்கும் எடைக்கு மேல் லோடு ஏற்றி மேட்டில் இழுப்பது, மேடு ஏறி வந்த சூட்டோடு சட்டென்று என்ஜினை அணைப்பது ஆகிய இரண்டும் இதில் சேரும். அணைத்தவுடன் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் டர்பைன் பக்கத்துச் சூடு நடுவே பரவி, அங்கே தங்கிய ஆயிலைக் கரியாக்கிவிடும். அந்தக் கரி மறுநாள் பேரிங்கை அராவும், குழாயை அடைக்கும்.

அடையாளம் கண்டுகொள்வது எப்படி?

இழுவை குறைந்து கரும்புகை வந்தால், எரியும் டீசலுக்குப் போதிய காற்று இல்லை என்று பொருள். உடனே டர்போவைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம், அல்லது அதன் கிளிப் தளர்ந்திருக்கலாம். டர்போவின் விலையில் சிறு பங்குகூட ஆகாத அந்தக் குழாயை மாற்றினால் தீர வேண்டிய நோய்க்கு டர்போவையே மாற்றியவர்கள் உண்டு. புதிய வகை டர்போக்கள் சிலவற்றில் புகையின் போக்கைத் திருத்தும் சிறு தகடுகள் இருக்கும். கரி படிந்து அவை இறுகிக்கொண்டாலும் இதே குறை தெரியும்.

நீலப்புகை வந்து, ஆயில் அளவும் குறைந்துகொண்டே போனால், ஆயில் எரிகிறது என்று பொருள். டர்போவிலிருந்து கசியலாம், என்ஜின் ரிங் தேய்ந்தும் இருக்கலாம். காற்றுக் குழாயின் உட்புறம் லேசான ஆயில் பிசுபிசுப்பு இருப்பது சாதாரணம். குழாயைச் சாய்த்தால் ஆயில் வழிகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

வழக்கமான விசில் சத்தம் சங்கு ஊதுவதுபோல மாறினாலோ, உரசும் ஓசை கேட்டாலோ வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிடுவது நல்லது.

என்ஜின் ஆறியபின், காற்றுக் குழாயைக் கழற்றி ஷாப்டை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஷாப்ட் ஆயிலில் மிதக்கும்படி அமைக்கப்பட்டது என்பதால், லேசான பக்கவாட்டு ஆட்டம் புதிய டர்போவிலும் இருக்கும். சக்கரம் சுற்றுச்சுவரைத் தொடுகிறதா, ஷாப்ட் முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். "பாருங்க, ஆடுது" என்று சொன்னவுடன் தலையாட்டிவிடாதீர்கள்.

ஓர் அபாயத்தையும் டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும். டர்போ வளையங்கள் முற்றிலும் போய்விட்டால், கசியும் ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு டீசல் என்ஜின் தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டு என்ஜினை அடங்கச் செய்ய வேண்டும். காற்றுக் குழாயின் வாயில் கையை வைக்கவே கூடாது.

மூன்று வழிகள்

டர்போதான் தேய்ந்திருக்கிறது என்று உறுதியானால் நமக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கிட் போடுவது. பேரிங், வளையம் ஆகியவற்றை மட்டும் மாற்றுவது இது. செலவு குறைவு. ஆனால் ஷாப்டும் சக்கரங்களும் நல்ல நிலையில் இருந்தால்தான் பயன் உண்டு. வினாடிக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும் பொருளில் எடை இம்மியளவு ஒருபுறம் சாய்ந்தாலும் பேரிங்கை அடித்து நொறுக்கிவிடும். ஆகவே கிட் போட்டபின் அதற்குரிய எந்திரத்தில் பேலன்ஸ் பார்க்க வேண்டும். அந்த எந்திரம் இல்லாத பட்டறையில் கிட் போடுவது வீண் செலவு.

இரண்டாவது, கோர் மாற்றுவது. பேலன்ஸ் பார்த்து வரும் நடுப்பகுதியை முழுதாக மாற்றி, வெளிக்கூடுகளைப் பழையதையே வைத்துக்கொள்வது. கூடுகளில் விரிசலும், சக்கரம் உரசிய தழும்பும் இல்லையென்றால் நம்மைப் போன்றவர்களுக்கு இது நடுத்தரமான நல்ல வழி.

மூன்றாவது, முழு டர்போவும் புதிதாகப் போடுவது. கூடு வெடித்திருந்தாலோ, சக்கரம் உடைந்து சிதறியிருந்தாலோ, உள்ளே இருக்கும் தகடுகள் கெட்டிருந்தாலோ இதுவே சரி.

எதை வாங்கினாலும் பழைய டர்போவின் தகட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். போலிகள் சந்தையில் உண்டு. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு டர்போக்கள் ஒரே டர்போ ஆகிவிடாது. பருப்பில் ரகம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓர் உறுப்பினரின் அனுபவம்

எண்ணெய், பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், மலைப்பகுதிக் கடைகளுக்குச் சொந்தப் பிக்கப் வண்டியில் சரக்கு அனுப்புகிறார். ஆடி மாதத்தில் வண்டி நீலப்புகை விட்டது. பட்டறையில் கோர் மாற்றினார்கள். தீபாவளி நெருக்கத்தில் மீண்டும் அதே புகை. "கோர் டூப்ளிகேட்டா இருக்கும்" என்று சொல்லி, இன்னொரு கோர் போட்டார்கள். கார்த்திகை பிறந்ததும் மூன்றாம் முறையாகப் புகை. பண்டிகை வியாபாரம் பாதி வாடகை வண்டியிலேயே கழிந்தது.

இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் டர்போவில் கை வைக்கும் முன் ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றினார். உள்ளே பாதி வழி கரி. மீதியில், முன்பு கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பூசிய பேஸ்ட் பிதுங்கி உறைந்து கிடந்தது. ஆயில் வடிய வழியில்லாமல் டர்போவுக்குள் தேங்கி, வளையங்களைத் தாண்டிக் கசிந்திருக்கிறது. கழற்றிப் போட்டிருந்த இரண்டாவது கோரை வரவழைத்துப் பார்த்தார்கள். ஷாப்டில் ஆட்டமும் இல்லை, கோடும் இல்லை. நல்ல கோரைத்தான் குப்பையில் போட்டிருக்கிறார்கள்! குழாயை மாற்றி, அடைத்திருந்த என்ஜின் பிரீதரைச் சுத்தம் செய்து, ஆயிலும் பில்டரும் மாற்றியதும் புகை நின்றது. குழாய்க்கு ஆன செலவு ஒரு கோரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

முதல் நாளே "பழையது ஏன் கெட்டது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

மாற்றும் நாளில் பார்க்க வேண்டியவை

முடிந்தால் அன்று ஒரு மணி நேரம் பட்டறையில் இருங்கள். கீழ்க்கண்டவை நடக்கின்றனவா என்று பாருங்கள்.

1. கழற்றிய பழைய பாகத்தை உங்கள் முன் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கெட்டதற்கான காரணத்தைப் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. ஆயில் ஏற்றுக் குழாயைப் புதிதாகப் போடுவதே நல்லது. திரும்பும் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இவ்விடங்களில் கேஸ்கட்தான் போட வேண்டும். பேஸ்ட் பூசக் கூடாது.

3. என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர் மூன்றையும் மாற்ற வேண்டும். ஆயில் வண்டிக் கையேட்டில் சொன்ன ரகமாக இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளுக்கு இது மிகவும் முக்கியம்.

4. பழைய சக்கரம் உடைந்திருந்தால், இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றி, உள்ளே தங்கிய சில்லையும் ஆயிலையும் அகற்ற வேண்டும். விட்டுவிட்டால் அந்தச் சில் என்ஜினுக்குள்ளேயே போகும்.

5. புதிய டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, ஷாப்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு டீசலைத் துண்டித்து, ஆயில் அழுத்தம் வரும்வரை செல்ப் மட்டும் அடிக்க வேண்டும். காய்ந்த பேரிங்கோடு ஸ்டார்ட் செய்தால் புதிய டர்போ முதல் நிமிடத்திலேயே காயப்படும்.

6. ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும்.

டிரைவருக்குச் சொல்ல வேண்டியவை

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடக் கூடாது. அரை நிமிடமாவது சும்மா ஓடட்டும். லோடோடு மேடு ஏறி வந்தபின் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு அணைக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஆயில் அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். நெல் மண்டி, மிளகாய் மண்டி, செங்கல் சூளைச் சாலை போன்ற தூசியான இடங்களில் ஓடும் வண்டிக்கு, ஏர் பில்டரைக் கையேட்டில் சொன்ன தவணைக்கு முன்பே பார்ப்பது நல்லது.

இவற்றை ஒரு தாளில் எழுதி, வண்டியில் டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டி விடலாம். ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கடை நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வரலாம். வாரண்டி கேட்கும்போது இந்தப் பக்கம்தான் நமக்குச் சாட்சி.

பில் வாங்க மறவாதீர்கள்

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். பாகத்தின் எண் எழுதிய பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை. தவிர, சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், தமது வியாபாரத்துக்கான சரக்கு வண்டியின் பழுதுபார்ப்புக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. பில்லில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொள்முதலில் ஒரு மூட்டை எடை குறைந்தால், ஏன் குறைந்தது என்று கேட்காமல் நாம் விடுவதில்லை. அதே கேள்வியைப் பட்டறையிலும் கேட்போம். காரணம் சொல்லாமல் பாகத்தை மாற்றுகிறவரிடம் வண்டியை விடாமல், காரணத்தைக் காட்டிவிட்டு மாற்றுகிறவரிடம் விடுவோம். அத்தகைய நல்ல மெக்கானிக்குகள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்கு நியாயமான கூலியைக் கொடுத்து வைத்துக்கொள்வது, வண்டிக்கும் நல்லது, வியாபாரத்துக்கும் நல்லது.